முப்பத்தேழாவது குப்பி

சியூ பெங் அம்மையார் கேட்டது இவ்வளவுதான்:
புகை வேண்டும். கோயில் வேண்டாம்.
பூசிக்கொண்டவன்
சாவு வீட்டிலிருந்து வருகிறவன்போல் இருக்கக் கூடாது.
தன் ஓட்டலின் மேல்மாடியில்
லிஃப்ட் கதவு திறக்கும்போது
உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் குரல் தாழ்த்த வேண்டும்.

அவ்வளவுதானா என்றேன்.
குறித்துக்கொண்டேன்.

கேம்பல் சாலையில் கடைவீட்டின் இரண்டாம் மாடி.
கீழே செருப்புக் கடை. அதன் ரப்பர் நெடி
வாடகை கேட்க வருகிறவனைப்போல் படியேறி வரும்.
ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி,
பினாங்கு வெயிலில் வேர்த்தபடிதான் முகர வேண்டும்.
தராசுக்கு மட்டும் கண்ணாடிக் கூண்டு.

ஓமான் குந்திரிக்கம்:
எலுமிச்சைத் தோலும் குளிர்ந்த கல்லும்.
எரித்தால்தான் பக்தி, எண்ணெயில் அது
யாரையும் தெரியாத வெளியூர்க்காரன்.
சுமத்ரா சாம்பிராணி:
பால் பொங்கி அடுப்பில் வழிந்த இனிப்பு.
பகாங் அகில்:
காயம்பட்டுப் பூஞ்சை தின்றதால் மணப்பது,
ஒரு துளி கூடினால் மாட்டுக் கொட்டகை.

முதல் ஒன்பதும் கோயில்.
கதவில்லாத, செருப்பு தொலைகிற கோயில்.
பதினாலாவதை முகர்ந்து ஹஸ்மா சொன்னாள்,
"அக்கா, இது பல் டாக்டர்."
கிராம்பைக் குறைத்தேன்.
இருபத்திரண்டு, பூட்டிய சர்ச்.
இருபத்தாறைக் கழுத்தில் தடவி
பாயான் லெப்பாஸ் பஸ்ஸில் ஏறினேன்.
பக்கத்து ஆள் எழுந்து பின்னால் போய்விட்டார்.
முன்சீட்டுத் தாதி மட்டும்
கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.
இரண்டையும் எழுதி வைத்தேன்.
எது மதிப்பெண், எது பிழை, அன்று தெரியவில்லை.

பிறகு ஏழாம் மாதம்.
பேய்களுக்குப் பசியெடுக்கும் மாதம்.
தெருமுனைக் கூடாரத்தில்
ஆளை விட உயரமாய், நாகம் சுற்றிய ஊதுவத்திகள்
மூன்று நாளாய்க் கனன்றுகொண்டிருந்தன.
நான் பொட்டலத்தில் கோய்த்தியாவ் வாங்கி நின்றேன்.
மழை, சொல்லாமல், ஒரே அடியாக.
பையன்கள் கித்தான் தேடி ஓடுவதற்குள்
நாகத்தின் வாய்வழியே தண்ணீர் இறங்கி
உஸ் என்றது.

அந்த நிமிஷம்தான்.
புகையும் இல்லை, நெருப்பும் இல்லை.
ஈரச் சாம்பல், சூடு விடாத சந்தனத்தூள்,
தார்ச்சாலை மூச்சு விடுவது,
பாதியில் எழுந்துபோன வேண்டுதல் ஒன்று.
கோய்த்தியாவை யாரிடம் கொடுத்தேனோ,
படியேறி ஓடினேன், மூக்கைப் பொத்திக்கொண்டு,
சிந்திவிடக் கூடாதென்று.

இனிப்பை முழுக்க எடுத்தேன்.
வெட்டிவேர். மண்வாசனைக்கென ஒரு மூலக்கூறு,
பீட்ரூட் கிழங்கிலும் இருப்பது,
லட்சத்தில் ஒரு பங்கு; ஹஸ்மா கை நடுங்காமல் விட்டாள்.
மேலே மிளகு, சிணுங்கி மறைவதற்கு.
நான்கு வாரம் இருட்டில் வைத்தோம்.

முதல் நிமிஷத்தில் அது முகம் கொடுக்காது.
இருபதாவதில் மணிக்கட்டில் ஈரம் இருப்பதாய்த் தோன்றும்,
துடைத்துப் பார்த்தால் இருக்காது.
நாலு மணி நேரம் கழித்து அகில்
நாற்காலியை இழுக்காமல் வந்து உட்காரும்.
மறுநாள் காலை தலையணையில்
யாரோ படுத்திருந்த பள்ளம்போல் ஒன்று.

அம்மையார் காகிதப் பட்டையைப் பிடித்திருந்தார்.
ஏசி ஓடியது. செயலாளர் இருமலை அடக்கினான்.
"ஐம்பது மில்லிக்கு," என்றார்,
நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது,
"ஆயிரத்து இருநூறு ரிங்கிட் வைக்கலாமா?"

சனிக்கிழமை புனலை ஆல்கஹாலில் அலசும்போது
செருப்புக் கடை சீனி நைனா
மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.
"மேல எதாச்சும் எரியுதா?"
இல்லையே என்றேன்.
நிலைப்படியில் நின்று இழுத்துப் பார்த்தார்,
கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அணைஞ்சிருச்சு போல," என்று
வியாபாரத்தைப் பார்க்க இறங்கிப் போனார்.